நாலாவது டேப்

கம்பெனி மேனேஜர் நீட்டிய பேனாவை வெல்டர் வாங்கவில்லை. காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். அவருடைய வலது கண்ணை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருந்தது. முந்தாநாள்தான் புரை எடுத்திருந்தார்கள். இடது கண்ணுக்குக் கிட்டே, மூக்கில் இடிக்கும்வரை காகிதத்தைக் கொண்டுபோய், உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்தது நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை.

பிணவறை வாசல்படியில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன், வெல்டரின் ஒரே மகன், நேற்று மதியத்திலிருந்து கிடந்தான்.

இது வெறும் நடைமுறைதான் ஐயா என்று மேனேஜர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். வெல்டர் ஐம்பது வருஷம் இரும்புக் கேட்டும் கிரில்லும் அடித்துப் பிழைத்தவர். பட்டறையை மூடி ஆறு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு வெல்டர் என்றுதான் பேர். இத்தனை வருஷத்தில் எவன் ஒன்றை 'வெறும்' என்று சொன்னாலும் அதற்குள் என்னவோ இருந்திருக்கிறது. அதனால் அவர் அவசரப்படவில்லை.

பத்து நிமிஷம் ஆயிற்று. காகிதத்தில் இருந்தது இதுதான். கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை செய்த இன்னார், விபத்துக்கு முந்தைய நாள் மாலை, யாருக்கும் தெரிவிக்காமல், ஒரு வெல்டிங் மிஷினின் உள்ளே இருந்த பாதுகாப்பு ரெசிஸ்டரைத் தாமாகவே கழற்றினார். அதனால் மறுநாள் காலை மின்சாரம் தாக்கி இறந்தார். கம்பெனியின் மேல் குடும்பத்தாருக்கு எந்தக் குறையும் இல்லை. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'தந்தை'.

"முந்தாநாள் சாயங்காலம் அவன் என்கூட இருந்தான்" என்றார் வெல்டர்.

சட்டைப் பையிலிருந்து கண் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தார். காலை எட்டு மணிக்கு உள்ளே, இரவு ஏழு மணிக்கு வெளியே. 'உடன் வந்தவர்' என்ற கட்டத்தில் ரெண்டு இடத்திலும் மகனின் கையெழுத்து. அன்று முழுக்க அவன் லீவு. பின்பக்கத்தில் அவன் பேனாவால் கிறுக்கியிருந்த கட்டம் கட்டமான கோடுகளும் இருந்தன.

மேனேஜர் சீட்டைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காகிதத்தைத் திரும்ப வாங்கி, சுவரில் வைத்து, 'விபத்துக்கு முந்தைய நாள் மாலை' என்பதை அடித்து அதன் மேல் 'அன்று காலை' என்று எழுதி, கீழே 'மறுநாள் காலை' என்பதையும் அடித்து, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

"டைப் பண்றவங்க பண்ண தப்பு ஐயா. இப்ப சரி."

அவ்வளவுதான். மகன் செத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது பிசகியதும் அரை நிமிஷத்தில் இன்னொன்று வந்துவிட்டது. வெல்டர் காகிதத்தை நாலாக மடித்துச் சீட்டோடு சேர்த்துப் பையில் வைத்தார்.

ஆஸ்பத்திரியின் முன்பக்கத்தில் போலீஸுக்கு ஒரு அறை இருந்தது. அங்கிருந்த போலீஸ்காரர் காலையிலேயே கணக்கைச் சொல்லிவிட்டார். வீட்டார் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால்தான் டாக்டர் அறுப்பார். டாக்டர் ரெண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். அடுத்த ரெண்டு நாள் விடுமுறை. கம்பெனிக் கடிதத்தை ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் மூன்று மணிக்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் மூன்றாம் நாள் காலைதான். உள்ளே குளிர்பெட்டி ஒழுங்காக ஓடுவது ஒன்றுதான் என்றும், அதில் வேறு ஆள் இருக்கிறது என்றும் துப்புரவு செய்கிறவர் தாமாகவே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மருமகள் அதைக் கேட்டாள். நேற்றிலிருந்து அவள் வாயில் தண்ணீர் படவில்லை.

"மாமா, போட்டுக் குடுத்துடுங்க" என்றாள். "யாரு செஞ்சா என்ன இப்ப?"

மணி பத்தே கால். தன் பிள்ளை சாகும்படி அவனே செய்துகொண்டான் என்று எழுதித் தருவதற்கு முன்னால் அந்த இடத்தைத் தான் பார்க்க வேண்டும் என்றார் வெல்டர். மேனேஜர் யோசித்தார். அப்புறம், பார்க்கட்டுமே, அழுதுவிட்டு வந்து போட்டுவிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ, கம்பெனி வேனை வரச் சொன்னார்.

வேனில் வெல்டர் கண்மூடியைக் கையால் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது, ஒரு வாரத்துக்கு அழக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். அழுகிற ஆள் இல்லை இவர் என்று மகன் டாக்டரிடம் சொல்லிச் சிரித்தான். அது முந்தாநாள்.

வெல்டரின் பட்டறையில் இருந்தது அந்தக் காலத்து மிஷின். எண்ணெயில் முங்கிக் கிடக்கும் தாமிரச் சுருள், இரும்புத் தகடு, அடியில் நாலு சக்கரம். நகர்த்த ரெண்டு ஆள் வேண்டும். மகன் வடிவமைத்ததைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணி ஏறலாம். அதே வேலை, அதே தீ. இதெப்படி என்று ஒருநாள் கேட்டதற்கு அவன் சொன்னான், மெதுவாக மொண்டால் பெரிய குடம் வேண்டும், வேகவேகமாக மொண்டால் ஒரு டம்ளர் போதும் என்று. அந்தப் பெட்டிக்குள் ஒரு நொடிக்கு லட்சம் தடவை சுவிட்சைப் போட்டு அணைக்கிறார்களாம். அதனால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறதாம்.

"சின்ன வயசுல வீட்டு லைட்டை அப்படித்தான் போட்டுப் போட்டு அணைப்ப. ரெண்டு அறை விட்டேன். இப்ப அதுக்கா சம்பளம் தர்றான்?" என்றார் வெல்டர். அவன் வீடு முழுக்க நடந்து சிரித்தான்.

பெட்டிக்குள் மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். ரெண்டும் ஒரே நேரத்தில் போட்டபடி இருந்தால் வெடித்துவிடும். ஒன்றை அணைத்து இன்னொன்றைப் போடுவதற்கு நடுவில், கண் இமைக்கிற நேரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ரெண்டும் அணைந்திருக்க வேண்டும். அந்த இடைவெளி குறைந்தால் ஆபத்து, கூடினால் மிஷின் சூடேறும். மூன்று வாரமாக மேல் சுவிட்ச் வெடித்துக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளியைத்தான் அவன் சோற்றுத் தட்டிலும் கோடு போட்டுத் தேடிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் இருந்த கட்டங்களும் அதுதான்.

வெல்டருக்கு அந்தப் பெட்டியில் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. அவருடைய மிஷினை நிறுத்தினால் நின்றுவிடும். இது நிற்காது. உள்ளே டப்பா டப்பாவாகக் கெபாசிட்டர்கள். அவை மின்சாரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினாலும் ஆளை அடிக்கும். நிறுத்தின பிறகும் உசிர் வைத்திருக்கிற சாமான் எனக்கு வேண்டாம் என்று அவர் சொன்னபோது, அதை வடித்துவிடத்தானே ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது என்றான் மகன். அஞ்சு நிமிஷத்தில் முழுக்க வடித்துவிடும். வடிகிறவரை ஒரு சின்ன விளக்கு எரியும். அணைந்தால் கை வைக்கலாம்.

அந்த ரெசிஸ்டரைத்தான் அவனே பிடுங்கிப் போட்டான் என்று காகிதம் சொல்லியது.

கம்பெனி வாசலில் காவலாளி ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். சோதனைக்கூடம் மாடியில். உள்ளே நுழைந்ததும் காய்ச்சிய ஈயத்தின் வாசனை. நீள மேஜைகள், அவற்றின் மேல் ஒரே மாதிரி ஏழு பெட்டிகள். ஒரு மேஜையைச் சுற்றி மட்டும் கயிறு கட்டியிருந்தது. மேஜைக்குக் கீழே தரையில் ஒரு ஒற்றைச் செருப்பு. இன்னொன்று அவன் காலோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும்.

மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தபடி, அவருக்குக் காட்ட ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் ரெண்டு தடித்த லென்ஸ் வைத்த பட்டை. கடுகு அளவுப் பாகங்களைச் சூடு வைத்து ஒட்டுவது அவள் வேலை. லென்ஸ் அக்கா என்று மகன் வீட்டில் அடிக்கடி சொல்லுவான். அவளும் அவரைக் கண்டதும் யாரென்று கேட்கவில்லை.

"நீங்கதான் 'ஆர்க் பரவாயில்ல'ன்னு சொன்னவரா?" என்றாள்.

போன வருஷம் மகன் முதல் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, ஒரு கம்பியை ஒட்டி, அதில் எரிந்த தீயைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன வார்த்தை. அதை அவன் ஒரு வாரம் இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தானாம். எங்கப்பா வாயிலிருந்து 'பரவாயில்ல' வந்திருக்கிறது, நீங்கள் யாரும் சான்றிதழ் தர வேண்டாம் என்று.

வெல்டர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். பெட்டியின் மேல்மூடி திறந்திருந்தது. உள்ளே கறுப்பு டப்பாக்கள், செப்புப் பட்டைகள். ஒரு பட்டையின் ஓரம் கருகியிருந்தது. அதற்கு மேல் அங்கே பார்க்க அவருக்கு ஒன்றும் இல்லை. திரும்பி மற்ற ஆறு பெட்டிகளுக்குப் போனார். வேலை செய்கிற மனுஷன் பெட்டியைக் கண்ணால் பார்க்க மாட்டான். அவர் மூடிகளைக் கையால் தடவினார்.

மூன்று மூடிகள் வழுவழு என்று இருந்தன. மற்ற மூன்றில் மூலையோரமாக விரல் ஒட்டியது. விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். பசை. அதில் தூசு பிடிக்க இன்னும் நேரம் ஆகவில்லை. கயிற்றுக்கு மேலே கையை நீட்டி, சாத்தி வைத்திருந்த நாலாவது மூடியையும் தடவினார். அங்கேயும்.

"இதுல என்ன ஒட்டியிருந்துச்சு?"

லென்ஸ் அக்கா நெற்றிப் பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. குரல் மட்டும் ஏறவே இல்லை.

மிஷின் சும்மா இருக்கும்போது இத்தனை வாட்டுக்கு மேல் தின்னக்கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. அந்த ரெசிஸ்டர் எப்போதும் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும். அதனால் கணக்குத் தாண்டியது. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் தேறுவதற்காக, ரெண்டு வாரத்துக்கு முன்னால் மேனேஜர் நாலு மிஷினில் அதை எடுக்கச் சொன்னார். மகன் முடியாது என்றான். வேறு வழி செய்கிறேன், ஒரு மாதம் கொடுங்கள் என்றான். மேனேஜர் ஒரு மாதம் கொடுக்கவில்லை. கழற்றியது வேறு ஆள். அந்த விளக்கும் ரெசிஸ்டர் வழியாகத்தான் எரியும். ரெசிஸ்டர் போனால் விளக்கும் எரியாது. வடிந்துவிட்டது போலவே இருக்கும். ஏழும் ஒரே அச்சு, மூடியைத் திறந்தாலும் ரெசிஸ்டர் இருக்கும் இடம் கண்ணில் படாது. அதனால் அவன் நாலு மூடியிலும் சிவப்பு டேப் ஒட்டி, பேனாவால் தேதி போட்டு எழுதினான். 'விளக்கை நம்பாதே. கையால் வடி.' டேப் இருந்தால் மரப்பிடி போட்ட கம்பியைக் குறுக்கே வைத்து முதலில் வடித்துவிட வேண்டும். டேப் இல்லாவிட்டால் அஞ்சு நிமிஷம் போதும். இதுதான் இங்கே எல்லாருக்கும் பழக்கம் ஆகிவிட்டது.

முந்தாநாள் பரிசோதனைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு அரை மணிக்கு முன்னால் மேனேஜர் வந்து, இது என்ன கல்யாண வீடு மாதிரி சிவப்பு சிவப்பாக, பிரித்துவிடுங்கள் என்றார். மேஜைகளை எல்லாம் மாற்றிப் போட்டார்கள். எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

"பிரிச்சது யாரு?"

"நான்தான்."

மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "திரும்ப ஒட்டணும்னு தோணல ஐயா." நிறுத்தினாள். "தோணுச்சு. சாயங்காலம் ஒட்டிக்கலாம்னு இருந்தேன். அவங்க போகவே ஆறு மணி ஆயிடுச்சு. பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

நேற்றுக் காலை மகன் வந்தான். கண்டுபிடித்துவிட்டேன், ஆஸ்பத்திரியில் சும்மா உட்கார்ந்ததில் கிடைத்தது, மேல் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சின்னப் பாகத்தை மாற்றினால் போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு மணி நேரம் ஓட்டினான். நிறுத்தினான். பிளக்கைப் பிடுங்கினான். மூடியைத் திறந்தான்.

"மூடியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. டேப் இல்ல. மத்த மிஷின் பக்கம் திரும்பவே இல்ல. வாட்ச்சைப் பாத்துட்டு அஞ்சு நிமிஷம் நின்னாரு. நான் எதிர்ல உக்காந்து ஒட்டிக்கிட்டு இருந்தேன். பாத்தேன் ஐயா. அவர் நிக்கிறதைப் பாத்தேன். எனக்கு அப்ப ஞாபகமே வரல."

மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். அவன் வைக்கவில்லை. அவராக இருந்தால் டேப்பையும் நம்பியிருக்க மாட்டார், விளக்கையும் நம்பியிருக்க மாட்டார், ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே போட்டுப் பார்த்திருப்பார். அவன் அப்படி வளரவில்லை. தான் ஒட்டிய டேப்பை இன்னொருவர் பிரிப்பார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிரித்த டேப் எங்கே என்று கேட்டார். தூக்கிப் போட்டாயிற்று என்றாள். கேட்டதும் வந்த பதில். அவர் நம்பவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்.

"இதைப் போலீஸ்ல வந்து சொல்றியாம்மா?"

அவள் பட்டையைத் திரும்ப நெற்றியில் மாட்டினாள். "என் பேரு வந்தா, நான்தான் கொன்னேன்னு எழுதுவாங்க. மேனேஜர் பேரு வராது."

அது பொய் இல்லை என்று வெல்டருக்குத் தெரியும். பழியும் சுலபமான வழி பார்த்துத்தான் இறங்கும். அவர் கழுத்து அட்டையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்.

ஆஸ்பத்திரிப் போலீஸ் அறைக்குத் திரும்பியபோது மணி ஒன்றே கால். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சுவரோடு ஒரு நீளப் பெஞ்சு. பெஞ்சின் நடுவில் மருமகள். யாரோ வாங்கி வந்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் பக்கத்தில் இருந்தது.

கம்பெனிக் கடிதத்தை ஒப்புக்கொள்ளவில்லை, நான் சொல்வதை எழுதுங்கள் என்றார் வெல்டர். போலீஸ்காரர் சலிப்போடுதான் தாளை எடுத்தார், ஆனால் எழுதினார். ரெசிஸ்டர் எடுத்தது ரெண்டு வாரத்துக்கு முன்னால். எடுக்கச் சொன்னது மேனேஜர். நாலு மிஷினில் டேப் ஒட்டியிருந்தது. பரிசோதனைக்காக அதைப் பிரித்தார்கள். திரும்ப ஒட்டவில்லை. பையன் அன்று லீவு. இதுவரை எழுதிவிட்டுப் போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார்.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

ஒரு பேர் சொன்னால் போதும். பேர் வெல்டரின் நாக்கில் இருந்தது. லென்ஸ் அக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம்? வாழ்க்கையில் யாருக்காகவும் அவர் பொய் சொன்னதில்லை. உண்மையைச் சொல்லாமல் இருந்ததும் இல்லை. கேட் கோணலாக இருந்தால் காசு கொடுக்கிறவன் முகத்துக்கு நேரே அவன் சுவர் கோணல் என்று சொல்லியவர்.

"யாரும் சொல்லல. நாலு மூடியில பசை இருக்கு. என் கையால தடவிப் பாத்தேன். நீங்களும் வந்து தடவிப் பாருங்க."

"பெரியவரே, பசையை வச்சு நான் என்ன எழுதுறது?"

"பசைன்னு எழுதுங்க."

அந்த நேரத்தில் வராந்தாவில் மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டி நின்றார், குரலைத் தணித்துத்தான் பேசினார். ஒரு வார்த்தை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஸ்பிரிட். வெல்டருக்கு அது போதும். ஸ்பிரிட்டும் ஒரு துணியும் இருந்தால் நாலு மூடியிலும் பசை போகப் பத்து நிமிஷம். துடைக்கச் சொன்னால் யார் துடைப்பார் என்பதும் தெரியும்.

போலீஸ்காரர் கடைசியாக ஒருமுறை கேட்டார். கடிதத்தை ஒப்புக்கொண்டால் இப்போதே டாக்டரைக் கூப்பிடுகிறேன். தகராறு என்றால் மேலதிகாரி பார்த்துத்தான் ஆக வேண்டும், இன்றைக்கு நடக்காது.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பது. வெல்டர் மருமகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவைக் கேட்கவில்லை. போலீஸ்காரரும் நீட்டவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரெண்டு மணிக்குச் சரியாக ஒரு வெள்ளைக் கார் பின்வாசலில் இருந்து வந்து, முன்னால் நின்ற சைக்கிளை எடுக்கச் சொல்லி ஒருமுறை ஹார்ன் அடித்துவிட்டு, வெளியே போனது.

"உங்களுக்கு ஜெயிக்கணும் மாமா" என்றாள் மருமகள். "அவ்வளவுதான். அவர் உள்ள எப்படிக் கிடந்தா என்ன."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். அறைக்கு வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்மூடிக்குள் அரித்தது. தேய்க்கக்கூடாது. விரலை மூடியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

லென்ஸ் அக்கா வந்தபோது மணி மூன்றாகப் போகிறது. தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா. நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. மேனேஜர் அவளைப் பார்த்ததும் எதற்கு வந்தாய் என்று கேட்டார். அவள் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய், போலீஸ்காரரின் மேஜையில் டப்பாவை வைத்துத் திறந்தாள். உள்ளே சோறு இல்லை. ஒரு சாண் சிவப்பு டேப், தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளாதபடி மூடியின் உட்பக்கம் நீட்டி ஒட்டியிருந்தது. அதில் கறுப்பு மையில் மகனின் கோணல் எழுத்து. விளக்கை நம்பாதே. கையால் வடி. ரெண்டு வாரத்துக்கு முந்தைய தேதி.

பிரித்ததை எல்லாம் மேஜைக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தாளாம், திரும்ப ஒட்டலாம் என்று. மதியம் போன் வந்தது. மூடியைத் துடை, டேப்பைக் கொளுத்து.

"மூணைத் துடைச்சேன் ஐயா" என்றாள், வெல்டரைப் பார்த்து. "மூணையும் கொளுத்திட்டேன். நாலாவது மூடி அவர் மேஜையோடது. துடைக்கவும் கை வரல, மிச்ச டேப்பைக் கொளுத்தவும் கை வரல."

போலீஸ்காரர் டேப்பைக் குனிந்து பார்த்தார். "இது செத்தவர் கையெழுத்தா?"

ஆமாம் என்றார் வெல்டர்.

"அப்ப ரெசிஸ்டர் இல்லன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் கை வச்சிருக்காரு."

வாசலில் நின்ற மேனேஜர், அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றார். பிள்ளையின் எழுத்தே பிள்ளையைப் பிடித்துக் கொடுக்கும் என்று வெல்டர் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்து அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்லக்கூடிய ஆள் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள் லென்ஸ் அக்கா. "அதனாலதான் ஒட்டினாரு. அவர் இல்லாத அன்னிக்கு நான் பிரிச்சேன். எது எதுன்னு அவருக்குத் தெரியாமப் போனது என்னாலதான். எழுதிக்கோங்க."

போலீஸ்காரர் பழைய தாளை ஓரமாக வைத்துப் புதுத் தாள் எடுத்தார். பேர், அப்பா பேர், வீட்டு விலாசம் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேனேஜர் சொல்லித்தான் பிரித்தாள், அதையும் எழுதுங்கள் என்றார் வெல்டர். அது எழுத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார் போலீஸ்காரர். வாயால் சொன்னது. அப்படியானால் அது விசாரணையில் வரும், இப்போது யார் கை பட்டதோ அதைத்தான் எழுத முடியும் என்றார். மேனேஜர் எப்போது அங்கிருந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். முதல் வரியிலேயே அவள் பேர். 'அஜாக்கிரதையாக' என்ற வார்த்தை ரெண்டு இடத்தில் வந்தது. மகனைப் பற்றி ஒரே ஒரு வரி. இறந்தவர் வழக்கமான எச்சரிக்கைகளைக் கடைப்பிடித்தார் என்று. வெல்டர் அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். போலீஸ்காரர் படித்தார்.

லென்ஸ் அக்கா கையெழுத்துப் போட்டாள். கடுகு அளவு வேலை செய்து பழகிய கை, கையெழுத்தும் சின்னதாகவே இருந்தது. அதற்குக் கீழே வெல்டர் தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். இனி மேலதிகாரி வரவேண்டும், அவர் வரும்வரை அந்த அம்மாள் இங்கேயே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் போனை எடுத்தார்.

டேப்பைப் போலீஸ்காரர் உரித்து எடுத்துக்கொண்டிருந்தார். அவள் காலி டப்பாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு மேஜைப் பக்கத்திலேயே நின்றாள். எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அறையில் இருந்தது ஒரு பெஞ்சுதான்.

மருமகள் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

லென்ஸ் அக்கா உட்காரவில்லை. வெல்டரும் உட்காரவில்லை. மருமகள் திரும்ப நடுவுக்கு வரவும் இல்லை. அவள் நகர்ந்து விட்ட இடம் அப்படியே இருந்தது.